பூட்டை மாற்றுவோமா?



வாடகை வீடு மாறும்போது கவனித்திருக்கிறீர்களா? வீட்டுக்காரர் ஒரு பூட்டும் சாவியும் கொடுப்பார். அம்மா அதை வாங்கிக்கொள்வார். ஆனால், மறுநாளே கடைக்குப் போய் புதுப் பூட்டு ஒன்று வாங்கி வந்து மாட்டுவார். வீட்டுக்காரர் மேல் சந்தேகமா? அதெல்லாம் இல்லை. நம் வீட்டுக்கு எந்தப் பூட்டு நல்லது என்று நாம்தானே பார்க்க வேண்டும்!

கம்ப்யூட்டருக்கும் ஒரு வாசல் உண்டு. இன்டர்நெட்டுக்குள் நாம் போவதும், அங்கிருப்பவை நம்மிடம் வருவதும் அதன் வழியாகத்தான். அதுதான் பிரவுசர். தமிழில் உலாவி என்பார்கள். இந்த வாசலைப் பற்றி உண்மையில் நடந்த கதை ஒன்று சொல்லட்டுமா?

2001ம் ஆண்டு, மைக்ரோசாப்ட் நிறுவனம் 'இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6' என்ற பிரவுசரை வெளியிட்டது. விண்டோஸ் கம்ப்யூட்டர் வாங்கினால் அதுவும் கூடவே வந்துவிடும். தேட வேண்டாம், காசும் வேண்டாம். அந்தச் சில ஆண்டுகளில், உலகில் இன்டர்நெட் பார்த்த 100 பேரில் 90 பேருக்கு மேல் மைக்ரோசாப்ட் பிரவுசரைத்தான் பயன்படுத்தினர். பலருக்கு வேறு பிரவுசர் இருப்பதே தெரியாது.

போட்டி இல்லாத ஓட்டக்காரர் என்ன செய்வார்? மெதுவாகத்தானே நடப்பார்! அடுத்த பதிப்பு வர ஐந்து ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே திருடர்கள் ஓட்டைகளைக் கண்டுபிடித்துக்கொண்டே இருந்தனர்.

2004ம் ஆண்டு ஜூன் மாதம், நம்பகமான இணையதளங்கள் சிலவற்றுக்குள் விஷமிகள் புகுந்து, கெட்ட புரோகிராமுக்கு வழிகாட்டும் வரிகளை ஒளித்து வைத்தனர். இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அந்தப் பக்கத்தைத் திறந்தாலே போதும். உளவு பார்க்கும் புரோகிராம் ஒன்று சத்தமில்லாமல் கம்ப்யூட்டருக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் கீபோர்டில் தட்டும் பாஸ்வேர்டுகளைத் திருடி அனுப்பும். அப்போது அமெரிக்க அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்புக் குழு சொன்ன யோசனைகளில் ஒன்று என்ன தெரியுமா? 'வேறு பிரவுசரைப் பயன்படுத்துங்கள்' என்பதுதான்!

வேறு பிரவுசர் இருந்ததா? இருந்தது. மோசில்லா அமைப்பின் பயர்பாக்ஸ், 2004 நவம்பர் 9ம் தேதி முழுமையாக வெளிவந்தது. இலவசம். கேட்காமலேயே குதித்து வரும் விளம்பர ஜன்னல்களைத் தடுத்தது. அதன் புரோகிராமை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்துத் தவறைச் சுட்டிக்காட்டலாம். 2002ல் அதற்கான வேலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளேக் ராஸுக்கு அப்போது வயது என்ன தெரியுமா? பதினேழு!

கொஞ்சம் கொஞ்சமாக மக்கள் மாறினர். மைக்ரோசாப்ட்டும் விழித்துக்கொண்டது. 2006ல் பாதுகாப்பைக் கூட்டி, புதிய பதிப்பை வெளியிட்டது. பூட்டை மாற்றியவர்களால், மாற்றாதவர்களுக்கும் நல்ல பூட்டு கிடைத்தது! கடைசியில், 2022 ஜூன் 15ம் தேதி இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்ட்டே விடை கொடுத்தது.

அப்படியானால் பயர்பாக்ஸில் ஓட்டையே இல்லையா? உண்டு, குட்டீஸ். மனிதர் எழுதும் எந்த பிரவுசரிலும் ஓட்டை இருக்கும். அதை எவ்வளவு சீக்கிரம் அடைக்கிறார்கள், அடைத்ததை நாம் 'அப்டேட்' செய்து வாங்கிக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி. புதுப் பூட்டை வாங்கிப் பரணில் போட்டுவிட்டால் வீடு பத்திரமாகுமா?

இன்றைய போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரவுசர் தயாராகவே வருகிறது. அது நல்லதாகவும் இருக்கலாம். ஆனால், 'கூடவே வந்தது' என்பது மட்டுமே அதற்குத் தகுதி ஆகாது. அடிக்கடி அப்டேட் வருகிறதா? நாம் எங்கெல்லாம் போகிறோம் என்று பின்தொடரும் விளம்பரக்காரர்களைத் தடுக்கிறதா? இந்த இரண்டையும் விசாரித்துப் பாருங்கள். மாற்றுவதென்றால் அப்பா, அம்மாவிடமோ ஆசிரியரிடமோ கேட்டு, அந்த பிரவுசரை உருவாக்கியவர்களின் சொந்தத் தளத்திலோ, போனில் உள்ள ஆப் ஸ்டோரிலோ மட்டும் எடுங்கள். விளம்பரத்தில் வரும் 'டவுன்லோடு' பட்டனைத் தொடவே வேண்டாம். திருடனிடமே பூட்டு வாங்கிய கதையாகிவிடும்!

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன வேலை செய்வீர்களா? வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, 'நம் போனில் இருக்கிற பிரவுசர் எது? அதை நாம் தேர்ந்தெடுத்தோமா, அதுவாகவே வந்ததா? கடைசியாக எப்போது அப்டேட் செய்தோம்?' என்று கேளுங்கள். பதில் தெரியாமல் பெரியவர்கள் விழித்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்