சொல்லுக்குக் குடியுரிமை

உரோமர் வரலாற்றை எழுதப் புகுவார் பெரும்பாலும் அவர்தம் படைகளையும் பாலங்களையும் நெடுஞ்சாலைகளையும் எண்ணியெண்ணி வியப்பர். முடிகவர்ந்தோரையும் குத்துண்டு வீழ்ந்தோரையும் வரிசைப்படுத்துவர். தைபர் ஆற்றங்கரைக் குன்றுகளின் மேலமர்ந்த ஒரு சிற்றூர், தன்னைச் சூழ்ந்த இலத்தியம் என்னும் குறுநிலத்தின் பேச்சை மேலையுலகின் ஆட்சிமொழியாக உயர்த்திய வரலாறு ஓரிரு வரிகளில் முடிந்துபோகும். அப்பேச்சு உயர்ந்த அதே காலத்தில், அதே இத்தாலி மண்ணில், அதற்கு எழுத்தறிவித்த முதுமொழியொன்று நாவும் நூலும் இழந்து மாண்ட வரலாறோ அவ்விரு வரிகளுள்ளும் இடம்பெறுவது அரிது. மொழிப்பற்றுடையார் ஊன்றிக் கருதவேண்டியவை இவ்விரண்டுமே.

கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட பேரரசன் திபேரியசு கொடுமனத்தன் என்றே தாசித்தசும் சுவெத்தோனியசும் தீட்டிக் காட்டியுள்ளனர். அவன்றன் பிற செயல்கள் எங்ஙனமாயினும் ஆகுக. அவன் கிரேக்கத்தை நீரோடையெனப் பேச வல்லவன். கிரேக்கர் வாழும் உரோட்சுத் தீவில் ஏழாண்டுக்கு மேல் தங்கியிருந்தவன். எனினும் மூப்பர் மன்றத்துள் நுழைந்தவுடன் அக் கிரேக்கத்தை வாயிற்கு வெளியே நிறுத்திவிடுவான். தனியொருவர் கையில் அடங்கிய வணிகத்தைக் குறிக்க 'மோனோப்போலியம்' என்னும் கிரேக்கச் சொல்லை ஒருகால் ஆளவேண்டி வந்தபோது, அயற்சொல்லை வழங்க நேர்ந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுமென்று மன்றத்தாரை முதற்கண் கேட்டுக்கொண்டானாம். பிறிதொருகால் மன்றத்தின் தீர்மானம் படிக்கப்பட்டபோது, கலன்களில் பதிக்கும் புடைப்பணியைக் குறிக்கும் 'எம்பிளேமா' என்னும் கிரேக்கச் சொல் அதனுள் வந்தது. அதனை நீக்கித் தாய்மொழிச் சொல்லைத் தேடியிடுமாறும், ஒரு சொல் கிடையாதாயின் பல சொற்களால் விரித்தேனும் எழுதுமாறும் அவன் பணித்தான். கிரேக்கத்தில் வினவப்பட்ட படைஞன் ஒருவனை, இலத்தீனிலன்றி விடையிறுக்கலாகாதென்று தடுத்தான். இவற்றையெல்லாம் எழுதிவைத்தவர், திபேரியசைப் புகழ்தற்கென்றே பிறந்தவரல்லர். அவனை இகழ்ந்தெழுதிய சுவெத்தோனியசே.

உலகையே கட்டியாண்டவன், ஒரே ஒரு சொல்லுக்காக மன்றத்தார்முன் பணிந்தான் என்பதைத் தூய்மைப் பித்து என்று நகைப்பார் அன்றும் இருந்திருப்பர், இன்றும் இருப்பர். ஆயின் அவன் காலத்திலேயே அதனினும் ஒருபடி மேற்சென்றவர் ஓர் இலக்கண ஆசிரியர். மார்க்கசு பொம்போனியசு மார்செல்லசு என்பது அவர் பெயர். பேரரசன் பேச்சில் வந்த ஒரு சொல்லை வழுவென்று அவர் சுட்டினார். உடனிருந்த சட்டவறிஞன் கேப்பித்தோ என்பான், அச்சொல் இலத்தீனே என்றும், இல்லையெனினும் இனி அவ்வாறே ஆகிவிடும் என்றும் பசப்பினான். மார்செல்லசு அஞ்சவில்லை. கேப்பித்தோ பொய்யுரைக்கின்றான் என்றும், மாந்தர்க்குக் குடியுரிமை வழங்கும் ஆற்றல் பேரரசனுக்கு உண்டு, சொல்லுக்கு வழங்கும் ஆற்றல் இல்லை என்றும் முகத்துக்கு நேரே மொழிந்தார். ஆள்வோன் வாயில் வந்ததெல்லாம் மொழியாகிவிடும் என்று தலையாட்டும் கேப்பித்தோக்கள் எல்லா அரசவைகளிலும் நிரம்பக் கிடைப்பர், மார்செல்லசுகளே அரியர்.

(இத் திபேரியசின் தலைபொறித்த வெள்ளிக் காசுகள் கொங்குநாட்டு மண்ணிலிருந்து பெருவாரியாகக் கிடைத்துள்ளன. மிளகும் மணிக்கற்களும் தமிழகத்தினின்று கப்பலேற, இலத்தீன் எழுத்துப் பொறித்த அக்காசுகள் இங்கு வந்திறங்கின. மகளிர் அணியும் மணிக்கற்களுக்காக உரோமச் செல்வம் அயலார்க்குப் போகின்றதே என்று கி.பி. 22-இல் மூப்பர் மன்றத்துக்கு மடல் எழுதி வருந்தியவனும் இவனே. சொல்லிறக்கத்தைத் தடுக்க முடிந்தவனால் கல்லிறக்கத்தைத் தடுக்க முடியவில்லை.)

திபேரியசின் இவ்வுறுதி ஒருநாளில் முளைத்ததன்று. கி.மு. 282-இல் உரோமத் தூதன் பொசுத்துமியசு தென்னித்தாலியின் கிரேக்க நகரான தாரெந்தத்திற்குச் சென்று, அவ்வூரார் மொழியிலேயே பேச முற்பட்டான். அவன் கிரேக்கத்தின் பிழைகளைக் கேட்டு ஊர்மன்றமே கைகொட்டிச் சிரித்தது. ஏறத்தாழத் தொண்ணூறாண்டுகள் கழித்து, கி.மு. 191-இல், மூத்த கேட்டோ ஏதென்சு மக்கள்முன் நின்றபோது நிலை வேறு. கிரேக்கத்திலேயே பேச அவனால் இயலும் என்கின்றார் புளூட்டார்க்கு. ஆயினும் அவன் இலத்தீனில் பேசினான். மொழிபெயர்ப்பாளன் ஒருவன் கிரேக்கப்படுத்தினான். கிரேக்கத்தைக் கற்பது வேறு, கிரேக்கத்துக்குள் கரைந்துபோவது வேறு என்பதை உரோமப் பெருமக்கள் அறிந்திருந்தனர். கிரேக்க மெய்யறிவை இலத்தீனில் எழுதப் புகுந்த சிசரோ, சொல்லில்லையே என்று கைவிரித்திருக்கலாம். அவனோ பண்பைக் குறிக்கக் 'குவாலித்தாசு' என்றும், ஒழுக்கஞ் சார்ந்ததைக் குறிக்க 'மொராலிசு' என்றும் தன் மொழி வேரினின்றே சொல் படைத்தான். ஆங்கிலர் இன்று பெருமிதத்தோடு வழங்கும் 'குவாலிட்டி'யும் 'மாரலு'ம் அவன் பட்டறையில் வார்த்தவையே. புதுச்சொல் புனைந்தால் மக்களுக்கு விளங்காதே என்பார்க்கு ஈராயிரம் ஆண்டுகள் விடை சொல்லிவிட்டன.

இது நாணயத்தின் ஒருபுறம் என்று இங்கேயே நிறுத்திக்கொள்வது உரோமர்க்கு வழக்குரைப்பதாகவே முடியும். தன்மொழியைக் காத்த அக்கையே பிறர்மொழிகளின் மிடற்றையும் நெரித்தது. இத்தாலியில் அன்று இலத்தீன் ஒன்றா இருந்தது? நடுமலைகளிலும் தெற்கிலும் ஓசுக்கம், கிழக்கே உம்பிரியம், தென்கரை நெடுகக் கிரேக்கம், வடமேற்கே எத்துருசுக்கம் என்று பல மொழிகள் மன்றமேறி ஆண்டன. அவற்றுள் எத்துருசுக்கம் இலத்தீனுக்கு ஆசான். கிரேக்கரிடம் எழுத்தைப் பெற்று உரோமர்க்கு வழங்கியவர் எத்துருசுக்கரே. அவர் மொழியில் தமிழைப் போன்றே ககரத்தின் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து வேண்டப்படவில்லை. அதனாலேயே உரோமரும் தொடக்கத்தில் இரண்டொலிக்கும் ஓரெழுத்தையே ஆண்டு, பின்னர்தான் கோடொன்று சேர்த்து வேறெழுத்து ஆக்கிக்கொண்டனர். உரோமின் கடைசி மன்னர்களான தார்க்குவினியர் எத்துருசுக்க வழியினர். தம் காலத்துச் சிறுவர் கிரேக்கம் பயில்வதுபோல் முற்காலத்து உரோமச் சிறுவர் எத்துருசுக்க எழுத்துப் பயின்றனர் என்று இலிவி குறிக்கின்றார்.

இம்மொழிகளைப் பேசலாகாதென்று உரோமர் விதித்த தடையாணை எதுவும் கிடைத்திலது. தடை வேண்டியிருக்கவில்லை என்பதே அச்சந்தரும் உண்மை. கி.மு. 180-இல் கூமை நகரத்தார் உரோம மூப்பர் மன்றத்திடம் ஒரு வேண்டுகோள் விடுத்தனர். தம் ஊரின் பொதுச்செயல்களில் இலத்தீன் பேசவும், கூவி விற்போர் இலத்தீனில் விலைகூறவும் இசைவளிக்க வேண்டும் என்பதே அவ்வேண்டுகோள்! அவர்கள் ஓசுக்கம் பேசியோர். எவரும் அவர்களை அடித்து இலத்தீன் பேசச் சொல்லவில்லை; அடிமைச்சங்கிலியைத் தாமே செய்துகொண்டு, பூட்டித் தருமாறு கையேந்தி நின்றனர். மன்றமும் பெருந்தன்மையோடு இசைவளித்தது. மன்றத்தையும் கடைத்தெருவையும் விட்டு இறங்கிய மொழி அடுக்களையில் எத்துணைத் தலைமுறைக்கு உயிர்வாழும்?

எதிர்த்துநின்ற மலைமக்களும் உளர். குடியுரிமை மறுக்கப்பட்ட இத்தாலியக் கூட்டினத்தார் கி.மு. 91-இல் கிளர்ந்தெழுந்து, கொர்பீனியம் நகரைத் தலைநகராக்கித் தமக்கெனக் காசும் அடித்தனர். உரோமின் ஓநாயைக் கொம்பினால் குத்திக் கிழிக்கும் எருதின் உருவம் அக்காசுகளுள் ஒன்றில் பொறிக்கப்பட்டது. 'வித்தெலியு' என்று ஓசுக்க எழுத்தில் நாட்டின் பெயர் பொறிக்கப்பட்டது. அடுத்த ஈராண்டில் உரோமர் குடியுரிமையை வழங்கிக் கிளர்ச்சியைப் பிளந்தனர். கேட்டது கிடைத்தது, கேளாததும் உடன்வந்தது. குடியுரிமையோடு சட்டமும் அலுவலும் படையும் இலத்தீனாயின. இணங்காத சாம்னியரைச் சுல்லா கி.மு. 82-இல் உரோமின் கொல்லீன் வாயிலருகே முறியடித்து, சிறைப்பட்ட ஆயிரக்கணக்கானோரை வெட்டி வீழ்த்தினான். சாம்னியர் தனியினமாய் நிற்குமளவும் உரோமர்க்கு அமைதியில்லை என்பதே அவன் கூறிய கரணியம். இரண்டாண்டில் பொம்பெய் நகரில் அவன் பழம்படைஞர் குடியேறினர். அந்நகரின் அரசுக் கல்வெட்டுகளில் ஓசுக்கம் போய் இலத்தீன் ஏறிற்று. உம்பிரியரின் இகுவியத்தில், 1444-இல் கண்டெடுக்கப்பட்ட ஏழு வெண்கலத் தகடுகளில் வழிபாட்டு முறைகள் பொறிக்கப்பட்டுள்ளன. பழந்தகடுகளில் மொழியும் உம்பிரியம், எழுத்தும் உம்பிரியம். பிற்பட்டவற்றில் மொழி உம்பிரியமே, எழுத்து இலத்தீன். அதற்குப் பின்னர்த் தகடே இல்லை.

எத்துருசுக்கத்தின் வீழ்ச்சியைக் காண விரும்புவார் பெருசா நகர்ப்புறத்தே 1840-இல் வெளிப்பட்ட வெலிம்னா குடியினரின் நிலவறைக் கல்லறையுள் நுழைந்தால் போதும். முன்னோரின் சாம்பற்பேழைகளில் எத்துருசுக்கப் பொறிப்பு மட்டுமே உள்ளது. கடைசிப் பேழை பளிங்கினால் ஆயது. அதில் இருமொழிப் பொறிப்பு. எத்துருசுக்கத்தில் 'பூப் வெலிம்னா' என்றிருப்பவன், இலத்தீனில் 'பூபிளியசு வொலும்னியசு' ஆகிவிட்டான். வெலிம்னா என்ற குடிப்பெயர் அவனோடு கல்லறை புகுந்தது. பாட்டன் பெயரைச் சொல்ல நாணுகின்றவன் வீட்டில் பாட்டன் மொழி எங்ஙனம் நிலைக்கும்?

கிரேக்கம் மட்டும் ஏன் மாயவில்லை? அதுவும் தோற்றவர் மொழிதானே! கிரேக்க நகரங்கள் உரோமர்க்கு வரிசெலுத்தின. ஆனால் தம் பள்ளியையும் ஊர்மன்றத்தையும் கிரேக்கத்திலேயே நடத்தின. கீழைநாடுகளுக்குச் செல்லும் மூப்பர் மன்ற ஆணைகளை உரோமரே கிரேக்கப்படுத்தி அனுப்ப வேண்டியிருந்தது. விட்டுக்கொடாதவர்க்கு வென்றவன் விட்டுக்கொடுத்தான்.

இறுதியில் எத்துருசுக்கத்துக்கு இரங்கவும் ஒரு பேரரசன் வந்தான். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட குளாதியசு நூற்கடல். அவன் முதல் மனைவி ஊர்குலானில்லா எத்துருசுக்கக் குடியிற் பிறந்தவள். அவன் எத்துருசுக்கர் வரலாற்றை இருபது மடலங்களாக எழுதினான். எழுதியது எம்மொழியில்? எத்துருசுக்கத்திலன்று, இலத்தீனிலுமன்று, கிரேக்கத்தில்! ஆண்டுதோறும் அலெக்சாந்திரியாவில் அதனைப் படித்தரங்கேற்றவும் ஏற்பாடாயிற்று. எத்துருசுக்கரின் குறிபார்க்கும் கலை அழிந்துவிடலாகாதென்று கி.பி. 47-இல் மூப்பர் மன்றத்தில் பேசியவனும் அவனே. இலீசிய நாட்டிலிருந்து வந்த தூதன் ஒருவனுக்கு இலத்தீன் விளங்கவில்லை என்று கண்டு, அவன் பெற்றிருந்த உரோமக் குடியுரிமையைப் பறித்தவனும் அவனே! உயிருள்ள மொழிக்காரனை ஒறுத்த கை, செத்தமொழிக்கு நினைவுமண்டபம் எழுப்பிற்று. அவ்விருபது மடலங்களுள் ஒரு வரிதானும் இன்று இல்லை.

எஞ்சியவை ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பொறிப்புகள். பெரும்பாலானவை இறந்தோர் பெயர்களே. எழுத்துகள் அனைத்தையும் அறிஞர் ஐயமின்றி ஒலிக்கின்றனர்; பொருள்தான் பிடிபடுவதில்லை. துசுக்கானியாவில் கிடைத்த இரண்டு பகடைக்காய்களில் ஒன்றுமுதல் ஆறுவரை எண்ணுப்பெயர்கள் எழுத்தாற் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் நான்கைக் குறிப்பது எது, ஆறைக் குறிப்பது எது என்று நூற்றாண்டுக்கு மேலாக வழக்காடி வருகின்றனர். அம்மொழியின் நூல்களுள் தப்பியது ஆளிநார்த் துணியில் எழுதிய ஒன்றே. ஏறத்தாழ 1,200 சொற்களை அதில் படிக்க இயல்கின்றது. 1848-இல் எகித்தில் விலைக்கு வாங்கப்பட்டு, இன்று குரோவாசியாவின் சாகிரெபு அருங்காட்சியகத்தில் உள்ள அந்நூல், எத்துருசுக்கமென்று 1892-இல்தான் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதுவும் நூலென்று போற்றி எவரும் வைத்ததனால் தப்பவில்லை. எகித்தில் இறந்த ஒரு பெண்ணின் உடலைச் சுற்றுதற்குக் கந்தைத்துணி வேண்டியிருந்தது. அதற்காக அந்நூலைக் கீற்றுகீற்றாய்க் கிழித்தனர்.