கல்லில் வெட்டிய கடன்

சேமிப்பு, காப்புறுதி, வருமான வரி என்று வரவு செலவையே பேசிவரும் இப்பகுதியில், இத்திங்கள் சிறார் விளையாட்டொன்றைப் பற்றி எழுதப் புகுகின்றோம். வியப்படைய வேண்டா, இதுவும் கணக்கைப் பற்றியதே.

சென்ற திங்கள் ஒரு ஞாயிறன்று அணுசக்தி நகர்க் குடியிருப்பில் உள்ள நண்பர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். கூடத்தில் சிறார் ஐவர் பகடையும் பென்சிலுமாக அமர்ந்திருந்தனர். ஒருவன் ஆட்டத்தலைவன், அவன் கதை சொல்லுவான். ஏனையோர் வீரன், மந்திரக்காரி, வணிகன் என வேடம் பூண்டு, தாம் செய்வதை வாயால் உரைப்பர். ஐயம் நேரின் பகடை தீர்ப்பளிக்கும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பதே இவ்வகை ஆட்டங்களுக்கு முன்னோடி. நம் சிறார் தம் கதையைச் சோழநாடு போன்றதொரு கற்பனை நாட்டில் நடத்தினர்.

நாம் நுழைந்தபோது ஆட்டம் நின்று பூசல் எழுந்திருந்தது. வணிகனாக ஆடிய நண்பர் மகன், கப்பல் வாங்க 100 பொற்காசு கடன் பெற்றிருந்தான். கதையில் இரண்டு ஆண்டுகள் கழிந்தன. “வட்டியோடு 300, இல்லையேல் கப்பல் பறிபோகும்” என்றான் தலைவன். “இவன் அப்படிச் சொல்லவே இல்லை, மாமா!” என்று நம்மிடம் முறையிட்ட சிறுவனின் கண்கள் கலங்கியிருந்தன. நண்பரோ, “விளையாட்டில் வட்டி எதற்கு? எல்லாவற்றையும் மூட்டை கட்டுங்கள்” என்றார்.

நாம் தடுத்தோம். ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்னும் அச்சொல்லை நாமும் ஒருமுறை சொன்னதுண்டு. உடன் பணிபுரிந்தவர் ஒருவரின் கடனுக்குத் தாளைப் படியாமலே ஜாமீன் கையொப்பமிட்டு, பதினான்கு மாதம் நம் ஊதியத்தில் பிடித்தம் கண்டோம். பிழை பிறருடையதன்று, படியாத நம்முடையதே.

ஆகவே சிறாருடன் தரையில் அமர்ந்து, தஞ்சைப் பெரிய கோயிலின் கதையைச் சொன்னோம். 1010ஆம் ஆண்டை ஒட்டி, இராசராசன் காலத்தில், கோயிலுக்கு வந்த காசு ஊர்ச்சபைகளுக்குக் கடனாக அளிக்கப்பட்டது. ஆண்டுக்குக் காசு ஒன்றுக்கு அரைக்கால் காசு பொலிசை. அஃதாவது 100க்கு 12½. கொடுத்தவர், வாங்கிய ஊர், முதல், பொலிசை யாவும் கல்லில் வெட்டப்பட்டன. திருவிளக்கு ஒன்றுக்கு இடையரிடம் 96 ஆடு விடப்பட்டது. நாள்தோறும் உழக்கு நெய் அவர் அளக்க வேண்டும். ஆட்டின் தொகை குறையாதிருக்க வேண்டுமாதலின், அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்றனர். சாவாத ஆடென்றதும் மந்திரக்காரியாக ஆடிய சிறுமி கைகொட்டி நகைத்தாள்!

பின்னர் அவர்களே விதி வகுத்தனர். கடன் கொடுப்போன், முதல், வட்டி, தவணை, தவறினால் நேர்வது ஆகிய ஐந்தையும் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். அதன் பெயர் ‘கல்வெட்டு’. பொலிசைக் கணக்கின்படி இரண்டு ஆண்டிற்கு வட்டி 25. வணிகன் தர வேண்டியது 125. தலைவனும் இசைந்தான், கப்பல் பிழைத்தது.

பொன்மூட்டையைச் சுமந்து காட்டில் திரிவானேன் என்று கேட்டவனுக்கு, நகரத்தார் வழங்கிய உண்டியலைக் கூறினோம். ஓர் ஊரில் பணம் கட்டி, மற்றோர் ஊரில் சீட்டைக் காட்டிப் பெறலாம். சீட்டைக் கள்வர் கவர்ந்தால் என் செய்வது? அதுவே அடுத்த வாரக் கதையாயிற்று.

வரியையும் விட்டுவைக்கவில்லை. செப்புக்காசு ஒவ்வொன்றையும் எண்ணினால் ஆட்டம் சலிக்கும். கோட்டை வாயிலில் ஒரு சுங்கம், அறுவடைக்குப் பின் ஓர் ஏரி ஆயம் போதும் என்றோம். ஆயம் தந்தும் ஏரிக்கரை உடைந்தால், பணம் சென்ற இடத்தை வீரன் தேடட்டும். கணக்குக் காட்டாத வாரியத்தார் மீண்டும் தேர்வு பெறலாகாது என்று 921ஆம் ஆண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டு விதித்துள்ளதன்றோ? முதற் குலோத்துங்கனைப் போல் ‘சுங்கம் தவிர்த்த’ மன்னன் ஒருவனும் கதையில் வரலாம்.

விடைபெறும் வேளையில் சிறுவன் தந்தையை நோக்கி, “அப்பா, நம் வீட்டுக் கடனுக்குக் கல்வெட்டு எங்கே?” என்றான். நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர் அலமாரியைத் திறந்து, பல ஆண்டுகளாகப் பிரிக்காத உறையொன்றை வெளியே எடுத்தார். அன்று இருட்டும்வரை மூவருமாக அதைப் படித்தோம்.

வாசக அன்பர்களே! தாராவியில் நாள்வட்டிக்கு வாங்குவோரும், செம்பூரில் வீட்டுக்கடன் பெற்றோரும் நம்முள் உளர். உங்கள் இல்லத்து உறையையும் ஒரு ஞாயிறன்று பிரியுங்கள். பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு படியுங்கள். ‘அப்படிச் சொல்லவே இல்லை’ என்று அவர்கள் நாளை கலங்க நேராது.