சட்டையைக் கழற்றச் சொல்லும் ஊர்

போன டிசம்பரில் ஆய்வு மாணவ நண்பர்கள் இரண்டு பேர் கன்னியாகுமரிக்கு வந்தார்கள். ஒருவருக்கு லக்னோ, இன்னொருவருக்குக் கொல்கத்தா. என் ஊர் பக்கத்தில் என்பதால் சுற்றிக்காட்டும் வேலை எனக்கு. பகவதி அம்மன் கோவில் வாசலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இருவரும் உற்சாகமாகக் கழற்றி என் கையில் கொடுத்தார்கள். நான் போகவில்லை. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்த லக்னோ நண்பர், "முதலாளியும் கூலிக்காரனும் வெற்று மார்போடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதைவிட என்ன சமத்துவம் வேண்டும்?" என்றார்.

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. இந்த ஊர் அவருக்கு வேறு எதையும் சொல்லவில்லையே!

இந்த மண் 1956 வரை திருவிதாங்கூர். ஒடுக்கப்பட்ட சாதி ஆணும் பெண்ணும் மேல்சாதிக்காரர் முன்னால் மேலாடை இல்லாமல் நிற்பதுதான் அங்கே மரியாதை. அது ஒரு படிக்கட்டு. நாயர் நம்பூதிரி முன்னால் துண்டை இறக்க வேண்டும், நம்பூதிரி சாமி முன்னால் இறக்க வேண்டும். கீழே இருந்தவர்களுக்கு இறக்க ஒன்றும் இருக்கவில்லை, ஏனென்றால் போடவே விடவில்லை. கோவில் வாசலில் இன்று மிச்சம் நிற்பது அந்தப் படிக்கட்டின் உச்சிப்படி. மற்ற படிகளை நம் முன்னோர் உடைத்தார்கள். உடைத்த கதை தெரியாதவருக்கு உச்சிப்படி சமத்துவமாகத் தெரிகிறது.

1822 வாக்கில் தொடங்கிய தோள்சீலைக் கலகம் விட்டுவிட்டு 1859 வரை நடந்தது. சந்தையில் பெண்களின் ரவிக்கையைக் கிழித்தார்கள். பள்ளிக்கூடங்களையும் சபைக் கட்டடங்களையும் எரித்தார்கள். கடைசியில் சென்னை ஆளுநர் டிரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26 அன்று மகாராஜா ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அதை முழுதாகப் படித்தால்தான் அதன் நஞ்சு புரியும். சாணார் பெண்கள் கிறித்தவச் சாணாட்டிகளைப் போல ரவிக்கை போடலாம், அல்லது முக்குவத்திகளைப் போல முரட்டுத்துணி சுற்றிக்கொள்ளலாம், வேறு எப்படியும் மறைத்துக்கொள்ளலாம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. மார்பை மறைக்கலாம், சாதியை மறைக்கக் கூடாது. மீனவப் பெண்ணின் உடையை எந்த உயரத்தில் வைத்திருந்தார்கள் என்பதையும் அந்த ஒரே தாள் சொல்லிவிடுகிறது.

இத்தனையும் நடந்த நிலத்தின் முனையில் நின்று லட்சக்கணக்கானவர்கள் வருடந்தோறும் சூரியனைப் படம் பிடிக்கிறார்கள். கடற்கரையில் இதைப் பற்றி ஒரு பலகையைக்கூட நான் பார்த்ததில்லை. வழிகாட்டிகள் வாயிலிருந்து ஒரு சொல் கேட்டதில்லை. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் இது குறித்து ஒரு பகுதி இருந்தது. அதை எழுதிய விதத்தில் குறை சொன்னவர்கள் உண்டு. திருத்தியிருக்கலாம். 2016இல் மத்தியக் கல்வி வாரியம் அந்தப் பகுதியில் கேள்வியே கேட்கக் கூடாது என்றது. 2019இல் பாடநூலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆகவே என் லக்னோ நண்பர் பள்ளியில் படித்து மறந்திருந்தாலும், அவருடைய தம்பிக்கு மறப்பதற்கும் ஒன்றும் இல்லை.

அப்படியானால் இந்த ஊர் எதைக் காட்டுகிறது? முதலில் பாறை. 1892இல் விவேகானந்தர் அங்கே தியானம் செய்தார். படகுக்குக் காசு இல்லாமல் நீந்திப் போனார் என்று கதை சொல்வார்கள். காசு கேட்டது மட்டுமே அந்தக் கதையில் மீனவருக்குக் கிடைத்த வேடம். 1960களின் தொடக்கத்தில் உள்ளூர் மீனவர்கள் அதே பாறையில் ஒரு சிலுவையை நட்டார்கள். அது அகற்றப்பட்டது. ஆர்.எஸ்.எஸ். பொதுச்செயலாளராக இருந்த ஏக்நாத் ரானடே முன்னின்று கட்டிய மண்டபம் 1970 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சிலுவைதான் சரி என்று நான் வாதாடவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தப் பாறையைச் சுற்றி வலை போட்டவர்களுக்கு அதன் மீது ஒரு பேச்சும் இல்லாமல் போனதைச் சொல்கிறேன். மலையாள நாட்டின் சாதி வழக்கங்களைப் பார்த்து, இது பைத்தியக்கார விடுதி என்று திட்டியவரும் இதே விவேகானந்தர்தான். 2024 தேர்தல் முடியும் நேரத்தில் பிரதமர் 45 மணி நேரம் தியானத்தில் அமர்ந்தாரே, அந்த ஒளிபரப்பில் இது வந்ததாக எனக்கு நினைவில்லை.

பிறகு காந்தி மண்டபம். அக்டோபர் 2 அன்று கூரைத் துளை வழியாக வெயில் சரியாக அஸ்தி வைத்த இடத்தில் விழும் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே காந்தி 1925 மார்ச்சில், வைக்கத்துக்கு வந்த பயணத்தில், பக்கத்தில் உள்ள இந்த அம்மன் கோவிலுக்கும் வந்தார். இங்கிலாந்து போய் வந்தவர் என்பதால் உட்பகுதிக்குள் விடவில்லை. வருத்தத்தோடு அவரே எழுதியிருக்கிறார். கடல் தாண்டியதற்காகப் பனியாவுக்கே அந்த நிலை என்றால், கடலிலேயே பிழைப்பவனுக்கு என்ன நிலை? மண்டபத்தில் நின்று கோவில் இருக்கும் திசையைக் கைகாட்டி இந்த ஒரு கதையைச் சொல்ல இரண்டு நிமிடம் போதும்.

வள்ளுவர் சிலை 2000இல் வந்தது. பாறைக்கும் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பரில் கண்ணாடிப் பாலம் வந்தது. நல்லதுதான், நானும் நடந்தேன். கால் கூசியது. எங்கள் அரசு கட்டியது என்று நம்மவர்கள் பெருமைப்படுவதும் நியாயமே. ஆனால் சமூக நீதி அரசின் சுற்றுலாவும் காலுக்குக் கீழே கடலைக் காட்டியதோடு நின்றுவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரை மணி நேரப் பேருந்துத் தூரத்தில் சுசீந்திரம். அங்கே 1926இல் கோவில் தெருவில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தது. வருகிறவர்களிடம் இசைத்தூணைத் தட்டிக் காட்டுகிறார்கள், தெருவைக் காட்டுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைக்கோடியில் மருந்துவாழ்மலை. அங்கே அனுமன் கதை முன்னால் நிற்கும், நாராயண குரு தவமிருந்த குகை பின்னால் நிற்கும். கடற்கரையில் பொட்டலம் போட்டு விற்கும் வண்ண மணலுக்கும் கதை உண்டு, அம்மனின் நின்றுபோன கல்யாணத்து அரிசியாம். கருப்பு மணல் இல்மனைட், சிவப்பு கார்னெட், கொஞ்சம் மேற்கே மணவாளக்குறிச்சியில் அதை அள்ளத்தான் ஆலை இருக்கிறது என்று சொன்னால் பொட்டலம் விற்காது.

மறுநாள் நண்பர்களைச் சாமித்தோப்புக்குக் கூட்டிப்போனேன். அங்கும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கொல்கத்தா நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார், "இங்கே என்ன சொல்லப்போகிறாய்?" நானும் கழற்றினேன். ஆனால் அங்கே தலையில் துண்டைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். தலைப்பாகை கட்ட உரிமை இல்லாதவர்களைக் கட்டச் சொன்னவர் அய்யா வைகுண்டர். எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்றார். அதற்காக மன்னர் அவரைச் சிறையில் போட்டார். உள்ளே சிலை இல்லை, கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகையோடு உன்னையே நீ பார்க்கலாம். ஒரே வெற்று மார்புதான், ஓரிடத்தில் தலை குனிகிறது, ஓரிடத்தில் நிமிர்கிறது. இந்த வித்தியாசத்தை நண்பர்களிடம் சொல்ல ஒரு வழிகாட்டி இல்லாமல், ஆறு வருடமாக முனைவர் பட்டம் முடிக்காத நான் தேவைப்பட்டேன்.

இதுவரை சொன்னது எளிதான பகுதி. பார்ப்பனியம், சங்கம், அரசு என்று கை நீட்டுவது நமக்குப் பழக்கம். இனி சொல்லப்போவது எனக்குக் கொஞ்சம் கஷ்டம்.

என் அம்மா அந்த ஊரில் ஒரு விடுதியில் பதினெட்டு வருடமாக அறை சுத்தம் செய்கிறார். கார்த்திகை தொடங்கி மகரவிளக்கு வரை சபரிமலைக் கூட்டம். காலையில் பன்னிரண்டு, பதினான்கு அறை. விரிப்பு மாற்றணும், கழிவறை கழுவணும், மணலைப் பெருக்கணும். மின்தூக்கி விருந்தாளிகளுக்கு. அம்மா ஏறுவது பின்படிக்கட்டில். மற்றப் பணியாளர்களுக்கு டீ கண்ணாடிக் கிளாசில் வரும், சுத்தம் செய்யும் நான்கு பெண்களுக்கு மட்டும் காகிதக் கோப்பை. அந்த நான்கு பேரும் ஒரே காலனி. விடுதியின் வரவேற்பறையில் வைகுண்டரின் படம் மாலையோடு தொங்குகிறது. 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் தோள்சீலைப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு நிகழ்வு நடந்தது, இரண்டு மாநில முதல்வர்களும் வந்தார்கள். முதலாளி குடும்பத்தோடு போய் வந்தார். நான் ஆய்வு செய்கிறேன் என்று தெரிந்து ஒருமுறை ஆசையாகக் கூப்பிட்டுப் பேசினார். "எங்க பாட்டிமாரு ரத்தம் சிந்தி வாங்கின உரிமை தம்பி, நீங்கெல்லாம் எழுதணும்."

எழுதுகிறேன் ஐயா. உங்கள் பாட்டிமார் சிந்திய ரத்தம் உண்மை. அதை மறைக்கிற எவரோடும் நான் சண்டை போடுவேன். ஆனால் 1859 அறிவிப்பில் புலையர், பறையர் பெண்களுக்கு ஒரு வரி இல்லை. திருவிதாங்கூரில் அடிமைமுறையை ஒழிக்கும் அறிவிப்பே 1855இல்தான் வந்தது. அதுவரை எங்கள் பாட்டிமாரை நிலத்தோடு சேர்த்து விற்றார்கள். உங்கள் போராட்டத்தை இந்த ஊர் சுற்றுலாப் பயணிகளிடமிருந்து மறைக்கிறது. எங்களை நீங்கள் பின்படிக்கட்டில் மறைக்கிறீர்கள். அந்தப் படத்துக்கு நேர் கீழே நின்று காகிதக் கோப்பையை நீட்ட எப்படி மனம் வருகிறது?

இதைக் கேட்கப் போகிறேன் என்றபோது அம்மா தடுத்தார். "என்னத்துக்கு மக்களே வம்பு? சீசன் முடியட்டும்." சீசன் முடிந்தால் ஆட்குறைப்பு, அப்போதும் கேட்க முடியாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன், விடுதியின் பெயர் இல்லாமல். பெயர் சொன்னாலும் பெரிய பயனில்லை, பக்கத்து விடுதியிலும் பின்படிக்கட்டு இருக்கிறது.

சுற்றுலாத் துறையிடம் கேட்கப் பெரிதாக ஒன்றுமில்லை. படகுத்துறையில் காத்திருப்பவர்கள் படிக்கிற இடத்தில் 1859 அறிவிப்பை அப்படியே தமிழிலும் இந்தியிலும் எழுதி வையுங்கள், அந்தக் கடைசி நிபந்தனையோடு. காந்தியைத் தடுத்த கதையை மண்டபத்தில் எழுதுங்கள். விடுதிகளுக்குத் தரச்சான்று கொடுக்கும்போது நீச்சல்குளத்தை எண்ணுவதோடு, சுத்தம் செய்கிறவர்களுக்கு என்ன கூலி, எந்தக் கோப்பை, எந்தப் படிக்கட்டு என்றும் பாருங்கள். கன்னியாகுமரிக்கு வரும் தோழர்களே, நீங்களும் அறையைக் காலி செய்யும்போது வரவேற்பறையில் இதைக் கேளுங்கள். உங்களை யாரும் வேலையைவிட்டு நிறுத்த முடியாது.

நண்பர்கள் இணையத்தில் தேடிப் பதிவு செய்திருந்தது அந்த விடுதியைத்தான். அவர்களாகவே எடுத்தது. இரண்டு நாளும் நான் சொல்லவில்லை, கூச்சம்தான். கிளம்பும் நாளில் சொன்னேன். இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு லக்னோ நண்பர் பார்க்க வேண்டும் என்றார். பின்பக்கம் கூட்டிப்போனேன். மூன்றாம் மாடியிலிருந்து அழுக்கு விரிப்பு மூட்டையோடு அம்மா இறங்கி வந்துகொண்டிருந்தார். நண்பர் ஓடிப்போய் மூட்டையைப் பிடித்தார். அம்மா விடவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்:

"இருநூத்தி நாலு இவங்கதானா மக்களே? கட்டிலுக்கடியில ஒரு சார்ஜர் கெடந்துச்சு. முன்னால குடுத்திருக்கேன், மறக்காம வாங்கிக்கிடச் சொல்லு."