விண்மீனை மனப்பாடம் செய்யலாமா?

சூரியன் ஒருநாள் செம்பெருமீனாகும், பிறகு வெண்குறுமீனாகும். அம்புக்குறி போட்ட படத்தைப் பார்த்து இப்படி எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால், கோடிக்கணக்கான ஆண்டுகள் நடக்கும் மாற்றத்தை மனிதன் எவ்வாறு அறிந்தான்? இது தெரியாமல் படத்தை மட்டும் படிப்பது அறிவியல் ஆகாது என்பதே என் கருத்து.

விடையைத் தூத்துக்குடிக் கடலிலிருந்தே தொடங்கலாம். 1961 வரை இங்கு அவ்வப்போது முத்துக்குளிப்பு நடந்தது. முத்துச்சிப்பிகள் வாழும் கடலடித் திட்டைப் 'பார்' என்பார்கள். பல பார்களின் சிப்பிகளைக் கலந்து குவித்தால், பெரிய சிப்பி வயதில் மூத்ததா, நன்றாக வளர்ந்ததா என்று சொல்வது கடினம். ஒரே பருவத்தில் ஒரே பாரில் வந்து ஒட்டியவை என்றால் வயதுக் குழப்பம் இல்லை. வேற்றுமைக்கு வேறு காரணம் தேடலாம்.

வானத்திலும் இத்தகைய இடங்கள் உண்டு. அவையே கோளக் கொத்துகள். ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் விண்மீன்கள் பந்துபோல் திரண்டிருக்கும். கேட்டை நட்சத்திரத்திற்குச் சற்று மேற்கே, சுமார் 6,000 ஒளியாண்டுத் தொலைவில், எம்-4 என்ற கொத்து இருக்கிறது. அதன் விண்மீன்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில், சுமார் 1,200 கோடி ஆண்டுகளுக்கு முன் பிறந்தவை. வயது ஒன்று, தொலைவும் ஒன்று. அப்படியானால் அவை வேறுபடுவது ஏன்? முக்கியக் காரணம் நிறைதான்.

நிறை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை விரைவில் செலவழித்துவிடும். எம்-4இல் சூரிய நிறையில் சுமார் 0.8 பங்குக்கும் குறைந்தவை இன்னும் நிதானமாக ஹைட்ரஜனைச் செலவிடுகின்றன. சற்று மிகுந்தவை செம்பெருமீன்களாகிவிட்டன. அவற்றுக்கும் முந்திச் சென்றவற்றுள் பல வெண்குறுமீன்களாகக் குளிர்ந்துவருகின்றன. இவற்றை 1995இல் ஹப்பிள் தொலைநோக்கி காட்டியது. அம்புக்குறிப் படத்தின் நிலைகள் எல்லாம் ஒரே கொத்தில், ஒரே நேரத்தில்! 2015இல் இந்தியா ஏவிய ஆஸ்ட்ரோசாட்டின் புறஊதாத் தொலைநோக்கியும் இத்தகைய கொத்துகளை ஆராய்ந்துள்ளது.

"பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கு எங்கே போவது?" என்று சிலர் கேட்கலாம். ஒரு வகுப்பு நேரம் போதும். காரணத்தோடு கற்றது தேர்வுக்குப் பின்னும் மறக்காது.

ஜூன் மாதத்தில், நிலவில்லாத இரவில், துறைமுக விளக்கொளி எட்டாத கடற்கரைக்குப் பெரியவர்களுடன் செல்லுங்கள். பைனாகுலரில் கேட்டையின் பக்கத்தில் மங்கலான ஓர் ஒளித்திட்டுத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு, அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் கேளுங்கள்: "ஐயா, இதெல்லாம் எப்படித் தெரிந்தது?"