காணிக்கையும் காட்சிப்பொருளும்

ஜப்பான் தேசத்தில் ஹிரோஷிமா நகரத்துக்கு அணித்தாய் மியாஜிமா என்னும் தீவொன்றுளது. அதன் கரையிற் கடலலை வந்து தூண்களைத் தழுவுமாறு அமைந்தது இட்சுகுஷிமா என்னும் ஷிந்தோ ஆலயம். ஆலயத்தின் அயலே 1934-ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட சிறியதொரு திருப்பொருட் காட்சிச்சாலை நிற்கின்றது. தொழச் சென்றார் பலர் அதனையுங் கண்டு மீளுகின்றனர். மீண்டாருட் சிலர், "ஆண்டுள்ளவை கைத்திறம் வாய்ந்த பழம்பொருள்களே, அவற்றிற்கும் சமயத்திற்கும் இனி இயைபில்லை" என்பர். அக்கூற்றுப் பொருந்தாமை ஈண்டுக் காட்டப்படும்.

அவ்வாலயக் கருவூலத்துட் பெரும்புகழ் வாய்ந்தது ஹெய்க்கே நோக்யோ என்னும் நூற்றொகுதி. தாய்ரா குலத் தலைவனாகிய கியோமோரி தன் சுற்றத்தாரோடு கூடி 1164-ஆம் ஆண்டில் அதனைக் காணிக்கையாக்கினான். சத்தர்ம புண்டரீகத்தின் 28 அத்தியாயங்களும், அதன் முன்னும் பின்னும் ஓதப்படும் இரு சூத்திரங்களும், அமிதாப சூத்திரமும், பிரஞ்ஞாபாரமிதா இருதய சூத்திரமும், கியோமோரியின் வேண்டுகோளுரையும் ஆக 33 சுருள்கள். பொன்னும் வெள்ளியும் இழைத்த தாள்களில் எழுதப்பெற்றவை.

பொன்னொளியும் வண்ணவழகுமே அவற்றின் பயன் என்பார் அவ்வேண்டுகோளுரையை மறந்தாராவர். ஏனைய சுருள்கள் எதன்பொருட்டு எழுந்தன என்பதை உரைப்பது அதுவே. ஒருவன் வரைந்த விண்ணப்பத்தின் எழுத்தழகை வியந்து, விண்ணப்பத்தைப் படியாது விடுதல் அறிவுடைமையாமோ? அன்றியும், அச்சுருள்கள் உலோகப் பேழையுள் வைத்து மூடப்பட்டன. அத்துணை எழிலும் மூடியின்கீழ் அடங்கினமையே, அது மக்கட் கண்ணுக்கென அமைந்ததன்று என்பதற்குச் சான்றாகும்.

"அவை புத்தநூல்களாதலின் ஷிந்தோ ஆலயத்திற்கு அயலானவை, காட்சிச்சாலையில் இருத்தலே தகும்" என்பது மற்றொரு சாரார் கொள்கை. இது, 1868-ஆம் ஆண்டில் மெய்ஜி அரசினர் பிறப்பித்த பிரிவினைக் கட்டளையை அடியாகக் கொண்டது. அக்கட்டளையின் வழியே இவ்வாலயத்துப் பென்சைத்தென் திருவுருவம் அணித்தேயுள்ள தைகன்ஜி என்னும் புத்தர்கோயிலுக்குப் போக்கப்பட்டது. பென்சைத்தென் என்பாள் பாரதநாட்டினின்று சீனத்தின் வழியே ஆண்டுச் சென்ற சரசுவதியே. 1407-இல் எழுந்த ஐந்நிலைக் கோபுரத்துப் புத்தருருவங்களும் அங்ஙனமே பெயர்க்கப்பட்டன.

உருவத்தைப் பெயர்த்தல் அரசாணைக்கு எளிது. கொடுத்தோன் கருத்தைப் பெயர்த்தல் அதற்கு ஆகாது. 700 ஆண்டுக்கு மேலும் பிற்பட்ட விதி, முற்பட்டோன் உள்ளத்திற்கு அளவாதல் யாங்ஙனம்? கியோமோரியின் உரை அவ்வாலயத் தெய்வத்தை அவலோகிதேசுவரரின் தோற்றமென்றே கொள்ளுகின்றது. அவர்க்கு 33 வடிவங்கள் என்பது ஜப்பானியர் வழக்கு. சுருள்களின் தொகையும் அதனோடு ஒத்தது. ஆகலின் அவனுக்கு அவை அயலான நூல்களல்ல. அக்கொள்கை மெய்யோ அன்றோ என்பது வேறு ஆராய்ச்சி. அதனை மறுப்பாரும், அவன் அதனைக் கொண்டே கொடுத்தான் என்பதை மறுத்தல் இயலாது.

அற்றேல், "காட்டப்படுவன பெரும்பாலும் படிகளே, அவற்றைக் கண்டு பயனென்னை?" என வினவுவாரும் உளர். ஒளி படப்பட வண்ணம் மங்குமாதலின், 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தனாக்கா ஷின்பி என்பார் அரிதின் முயன்று படிகள் இயற்றினார். படி வெளியே நிற்க, மூலம் உள்ளே அடங்கியிருத்தல் குறையன்று. பேழையை மூடிவைத்த பண்டைக் கருத்துக்கு அதுவே இயைந்தது. படியும், கொடுத்தது யாது, யார்க்கு என்பதை அறிவுறுத்தப் போதியதாம்.

ஆகவே, கண்ணாடிப் பெட்டி காணிக்கையைக் காட்சிப்பொருளாக்குவதன்று. காண்பான் கருத்தே அங்ஙனம் ஆக்குவது. காப்போர் பொருளைக் காத்தலோடு அதன் நோக்கத்தையுங் காத்தல் வேண்டும். காண்போர் பொன்னை எண்ணுமுன், அப்பொன் எவ்வேண்டுதலின் பொருட்டு இழைக்கப்பட்டதென வினவுதல் வேண்டும். அங்ஙனம் வினவாதான் அத்தீவுக்குச் சென்றும் அக்காணிக்கையைக் கண்டானல்லன் என்க.