நம் தண்ணீருக்கு ஏற்ற பீஸ் லில்லியை நாமே உருவாக்கலாம்

தாம்பரம், முடிச்சூர், படப்பை, வண்டலூர் என்று தென்சென்னைப் புறநகரில் எந்தச் சாலையில் போனாலும் நர்சரிகளைப் பார்க்கலாம். நெல் விளைந்த நிலங்கள் மனைகளாகிவிட்ட இந்தப் பகுதியில், சில சென்ட் இடத்தில் நிழல்வலை கட்டிச் செய்யக்கூடிய தொழில் இது. ஆனால் இங்கே விற்கும் வீட்டுச் செடிகளில் பல, ஆந்திராவின் கடியம், பெங்களூரு, புனே போன்ற இடங்களிலிருந்து லாரியில் வருபவை. நாம் வாங்கி விற்கிறோமே தவிர, புதிதாக ஒன்றை உருவாக்குவதில்லை. இந்த நிலை மாற வேண்டும்.

பீஸ் லில்லியை எடுத்துக்கொள்வோம். இதன் தாயகம் மத்திய, தென் அமெரிக்காவின் மழைக்காடுகள். ஈரக்காற்று, மர நிழல், உப்பில்லாத மழைநீர் ஆகியவற்றில் வளர்ந்த செடி. இங்கே அதற்குக் கிடைப்பது உப்புக் கலந்த போர்வெல் தண்ணீரும் கத்திரி வெயிலும்தான். சில வாரங்களில் இலை நுனி கருகுகிறது. வாங்கியவர் தனக்குக் கைராசி இல்லை என்று நினைத்து அடுத்த செடி வாங்க வருவதில்லை. நஷ்டம் நர்சரிக்காரருக்குத்தான்.

வெளிநாட்டு நிறுவனங்கள் இலையின் அளவு, பூவின் வெண்மை, பூக்கும் காலம் ஆகியவற்றைப் பார்த்து ரகங்களைத் தேர்வு செய்கின்றன. நம் போர்வெல் தண்ணீரைக் கணக்கில் வைத்துத் தேர்வு செய்ய வேண்டியவர்கள் நாம்தான்.

இது ஆய்வகத்தில் மட்டும் நடக்கிற வேலையல்ல. பீஸ் லில்லி நம் சேம்பு, கருணைக்கிழங்கின் குடும்பம். நாம் பூ என்று சொல்லும் வெள்ளைப் பகுதி உண்மையில் ஒரு மடல். நடுவில் நிற்கும் கதிரில்தான் சிறு பூக்கள் நெருக்கமாக இருக்கின்றன. அவற்றில் சூல்முடி முதலில் பக்குவமாகும். மகரந்தம் பிறகுதான் வெளிவரும். எனவே முதிர்ந்த பூவின் மகரந்தத்தை மெல்லிய தூரிகையால் எடுத்து, புதிதாக விரிந்த வேறு ரகத்தின் கதிரில் தடவினால் ஒட்டு சேர்க்கை முடிந்தது. விதை முற்றச் சில மாதங்கள் ஆகும். அதைக் காயவிடாமல் உடனே விதைக்க வேண்டும். நாற்று பூக்க ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகலாம்.

தூர் பிரித்தாலும் திசு வளர்ப்பு செய்தாலும் தாயைப் போன்ற செடிதான் கிடைக்கும். விதையில்தான் வேறுபாடு வரும். அந்த நாற்றுகள் எல்லாவற்றுக்கும் ஒரே போர்வெல் தண்ணீரை ஊற்றி ஒரு கோடையைக் கடக்க விடுங்கள். கருகியதை ஒதுக்குங்கள். தேறிய சிலவற்றைத் தூர் பிரித்துப் பெருக்கி, அடுத்த கோடையிலும் அதே குணம் நிற்கிறதா என்று பாருங்கள். எந்தத் தாய், எந்தத் தந்தை, எந்தத் தேதி என்பது நோட்டில் இருக்க வேண்டும்.

விவசாயியால் முடியுமா என்று கேட்பவர்களுக்குப் புதுச்சேரி கூடப்பாக்கத்தின் வெங்கடபதி ரெட்டியார் பதில். கனகாம்பரத்தில் புதிய ரகங்களை உருவாக்கிய அவர், கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தின் உதவியுடன் காமா கதிர்வீச்சையும் பயன்படுத்தினார். 2012இல் பத்மஸ்ரீ பெற்றார்.

திசு வளர்ப்புக் கன்று மலிவாகக் கிடைக்கும்போது இந்தப் பாடு எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஆய்வகம் இருக்கிற ரகத்தைப் பெருக்கித் தரும். எது நம் மண்ணில் நிற்கும் என்று கண்டுபிடிக்க, தினமும் செடியோடு இருப்பவரின் கண் வேண்டும். நல்ல ரகம் நம் கையில் இருந்தால், அதே ஆய்வகம் நமக்காக அதைப் பெருக்கித் தரும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டம் விவசாயி உருவாக்கிய ரகத்தையும் பதிவு செய்ய இடம் தருகிறது. மரம், கொடி தவிர்த்த மற்ற பயிர்களுக்குப் பாதுகாப்பு அதிகபட்சம் 15 ஆண்டுகள். ஆனால் மத்திய அரசு அறிவிக்கை செய்த பயிரினங்களுக்கே பதிவு உண்டு. பட்டியலை முதலில் பாருங்கள். புதிய ரகம் என்று பதிவு செய்ய வேண்டுமானால், விண்ணப்பத்துக்கு ஓராண்டுக்கு முன்பே அதை நாட்டில் விற்றிருக்கக் கூடாது. அவசரப்பட்டு விற்றவர் உரிமையை இழப்பார்.

தோட்டக்கலைத் துறை, தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம், காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவற்றுக்கும் இதில் பங்கு உண்டு. நிழல்வலைக்கு மானியம் தருவதோடு நிற்காமல், நர்சரிக்காரர்களுக்கு மகரந்தச் சேர்க்கைப் பயிற்சி, தண்ணீர்ப் பரிசோதனை, பதிவு விண்ணப்ப உதவி ஆகிய மூன்றையும் தர வேண்டும். களப்பணியாளர்கள் பத்து நர்சரிகளைச் சேர்த்து ஒரு குழுவாக்கினால், நாற்றுகளை வெவ்வேறு தண்ணீரில் ஒரே நேரத்தில் சோதித்துவிடலாம்.

வரும் கோடையில் உங்கள் நர்சரியில் எந்த பீஸ் லில்லி இலை நுனி கருகாமல் நிற்கிறது என்று பாருங்கள். அதை விற்றுவிடாமல் தாய்ச்செடியாக ஒதுக்கி வையுங்கள்.