“ஆர்ட்ஸ்தானா?” என்று கேட்பவர்களுக்கு

ஜூன் மாதம் வந்தால் எங்கள் வடக்குத்தில் ஒரு விசாரிப்பு உண்டு. “பிள்ளை என்ன எடுத்திருக்கு?” இன்ஜினியரிங் என்றால் முகம் மலரும். பி.ஏ. என்றால், “ஆர்ட்ஸ்தானா? சரி, ஏதோ ஒரு டிகிரி” என்று ஒரு இரக்கம். சுரங்கத்தை ஒட்டிய ஊர். 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கியதிலிருந்து நமக்கு டிப்ளமோவும் பி.இ.யும்தான் வேதம். அந்தப் படிப்பு எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது, அதைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குப் பொறுக்காதது அந்த இரக்கம்தான்.

ஏனென்றால் இதே ஆர்ட்ஸுக்கு வேறு ஊரில் வேறு மரியாதை. ‘லிபரல் ஆர்ட்ஸின் எதிர்காலம்’ என்று பல்கலைக்கழக டீன்கள் மேடைக்கு மேடை பேசுகிறார்கள். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை பாணபட்டரின் காதம்பரியைக் காட்டி, அறுபத்து நான்கு கலைகளும் நம்முடையவையே என்று பெருமைப்படுகிறது. ஹரியானாவில் சோனிபட் என்ற ஊரில் 2014-ல் அசோகா பல்கலைக்கழகம் வந்தது. விடுதியோடு சேர்த்தால் அங்கே வருஷத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல். என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள்? வரலாறு, பொருளாதாரம், இலக்கியம், அரசியல், தத்துவம். விருத்தாசலம் கொளஞ்சியப்பர் கல்லூரியிலும் கடலூர் பெரியார் கல்லூரியிலும் நம் பிள்ளைகள் படிப்பது இதே குடும்பத்துப் பாடங்கள்தானே? பத்து லட்சம் கட்டினால் லிபரல் ஆர்ட்ஸ், டவுன் பஸ்ஸில் போய்ப் படித்தால் வெறும் ஆர்ட்ஸ். இது என்ன நியாயம்?

அங்கே வகுப்பு சிறியது, ஆசிரியர் ஒவ்வொரு மாணவரையும் கேள்வி கேட்கிறார் என்பார்கள். உண்மைதான். அப்படியானால் வித்தியாசம் பாடத்தில் இல்லை, நடத்தும் விதத்தில் இருக்கிறது. நம் அரசுக் கல்லூரிகளில் பாதி பாரத்தைத் தூக்குபவர்கள் கௌரவ விரிவுரையாளர்கள். நான் கிளார்க் உத்தியோகம் பார்த்தவன், கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது. இவர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று யுஜிசி 2019-லேயே சொன்னது. தமிழ்நாட்டில் 20,000 ஆக இருந்து, பிறகு 25,000 ஆனது. டாக்டர் பட்டம் வாங்கியவருக்கு இந்தச் சம்பளம், அடுத்த வருஷம் வேலை உண்டா என்ற பயம் வேறு. பெயரில் மட்டும் ‘கௌரவம்’! லிபரல் ஆர்ட்ஸின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படும் டீன்கள் முதலில் இதைப் பற்றிப் பேசட்டும்.

“படித்து என்ன பிரயோஜனம்?” என்பது அடுத்த கேள்வி. நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். நெப்போலியன் காலத்தில், 1808-ல் உருவான பக்கலோரேயா பரீட்சை பிரான்சில் இன்றும் நடக்கிறது. கணக்கும் பௌதிகமும் எடுத்த மாணவனும் அதில் நான்கு மணி நேரம் உட்கார்ந்து தத்துவப் பரீட்சை எழுதியாக வேண்டும். அதனால் அந்த நாட்டில் எந்த இயந்திரமும் நின்றுவிடவில்லை. அவர்களுடைய மின்சாரத்தில் பாதிக்கு மேல் அணுமின் நிலையங்களிலிருந்து வருகிறது, அதிவேக ரயிலும் ஓடுகிறது. அந்தப் படிப்பு கற்றுத் தருவது ஒரு பழக்கம். ஒரு விஷயத்துக்கு ஆதரவாக என்ன சொல்லலாம், எதிராக என்ன சொல்லலாம், இரண்டையும் எடை போட்டு நீ என்ன சொல்கிறாய்? ஒரு விதவையின் குடும்ப ஓய்வூதிய மனு மேஜைக்கு வந்தால், நல்ல கிளார்க் ஃபைலில் குறிப்பு எழுதுவதும் இந்த முறையில்தான்.

நம் பக்கத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக் கால்வாய்க்காக விளைந்து நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதை நாம் மறக்கவில்லை. நிலம் எப்போதோ கையகப்படுத்தியது, இழப்பீடும் கொடுத்தாயிற்று என்றது நிறுவனம். அறுவடை வரை பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். கால்வாயை எந்த மட்டத்தில் வெட்டுவது என்பதை இன்ஜினியர் சொல்லிவிடுவார். அறுவடைக்குக் காத்திருப்பதா வேண்டாமா என்பதற்கு எந்த ஃபார்முலாவும் கிடையாது. அதற்கு வரலாறு தெரிய வேண்டும், சட்டம் தெரிய வேண்டும், எதிரில் நிற்பவன் மனசு தெரிய வேண்டும். அதைத்தான் நாம் ‘ஏதோ ஒரு டிகிரி’ என்கிறோம்.

பி.ஏ. முடித்தால் மறுநாளே வேலை என்று நான் சொல்ல வரவில்லை. பி.இ. முடித்தவனுக்கு மட்டும் கிடைத்துவிடுகிறதா? பத்தாம் வகுப்பே போதும் என்கிற குரூப் 4 பரீட்சைக்கு எத்தனை இன்ஜினியர்கள் வரிசையில் நிற்கிறார்கள், பார்க்கவில்லையா?

2022-ல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறும் பெண்களுக்குக் கைக்கெட்டுவது பெரும்பாலும் அரசு கலைக் கல்லூரிதான். பிள்ளையை வாசல் வரை கொண்டுவந்துவிட்டோம். உள்ளே நிரந்தர ஆசிரியரும் நல்ல நூலகமும் இருக்க வேண்டாமா? காலியிடங்களை நிரப்பச் சொல்லி நாம் கேட்க வேண்டும். மனு எழுதத் தெரிந்த ஓய்வூதியர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.

அடுத்த முறை தெருவில் ஒரு பெண், “தாத்தா, பி.ஏ. ஹிஸ்டரி சேர்ந்திருக்கேன்” என்றால் உச்சுக் கொட்டாதீர்கள். “இந்த வாரம் என்ன படிச்சே, சொல்லும்மா” என்று கேட்டுப் பாருங்கள்.